வீடியோவா, ஜூமா, வாட்ஸ்அப்பா: நர்ஸ்களுக்குப் பேச்சுப் பயிற்சி எந்த வழியில்?

காலை 8 மணிக்கு ஆபரேஷன். முந்தைய ராத்திரி நர்ஸ் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்: "12 மணிக்கு மேல ஒண்ணும் சாப்பிடக் கூடாது." விடிந்ததும் கேட்டால் பதில் வருகிறது: "ஒண்ணும் சாப்பிடல சிஸ்டர், டீதான் குடிச்சேன்." அவர் பொய் சொல்லவில்லை. நம் பேச்சில் சாப்பிடுவது வேறு, குடிப்பது வேறு. ஆனால் மயக்க மருந்துக் கணக்கில் பால் டீயும் லேசான டிபன் மாதிரிதான், 6 மணி நேரம் கழிய வேண்டும். ஆபரேஷன் தள்ளிப் போகிறது, தியேட்டர் சும்மா நிற்கிறது, திட்டு நர்ஸுக்கு விழுகிறது. "சாப்பிடவும் கூடாது, டீ, காபி, பால் எதுவும் குடிக்கவும் கூடாது" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

கம்யூனிகேஷன் என்ற பாடம் பிஎஸ்சி நர்சிங்கிலேயே உண்டு. 1946லேயே நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கிய ஊர் வேலூர். அந்தப் பாடத்தில் பாஸ் செய்தவர்கள்தான் வார்டில் நிற்கிறார்கள். தெரியாமல் தவறுவதில்லை. ஒரு கையில் டிரிப், மறு கையில் கேஸ் ஷீட், பின்னால் இன்னொரு பெட்டிலிருந்து கூப்பிடும் குரல் என்று நிற்கும்போது, தெரிந்தது வாயில் வருவதில்லை. அதனால் ஆன்லைன் பயிற்சியை ஒப்பிடும்போது மேடைப் பேச்சு, சான்றிதழின் பளபளப்பு, கட்டணம் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: இந்தப் பயிற்சியில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு நர்ஸ் எத்தனை நிமிஷம் வாய் திறந்து பேசுகிறார், எந்த மொழியில் பேசுகிறார்?

வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் பக்கம் 50 முதல் 150 படுக்கை உள்ள ஆஸ்பத்திரி, சுமார் 40 நர்ஸ்கள் என்று வைத்துக்கொள்வோம். நர்சிங் சூப்பரின்டென்டென்ட் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. பதிவு செய்த வீடியோ பாடம், நேரலை வகுப்பு, வாட்ஸ்அப்பில் குரல் பயிற்சி, பெரிய மையத்தோடு இணைந்த கேஸ் கலந்துரையாடல்.

பதிவு செய்த வீடியோ பாடம்

கோர்செராவில் இருக்கிறது, மத்திய அரசின் ஸ்வயம் தளத்திலும் தேடலாம். ஸ்வயத்தில் படிப்பது இலவசம், சான்றிதழ் வேண்டுமானால் தேர்வுக் கட்டணம் கட்டி எழுத வேண்டும். வாய் திறக்கும் நிமிஷம்: பூஜ்யம். மொழி பெரும்பாலும் ஆங்கிலம்.

அப்படியென்றால் தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம். எதை எந்த வரிசையில் சொல்வது என்ற சட்டகங்களை அறிமுகப்படுத்த வீடியோவே போதும். டாக்டருக்கு போன் செய்யும் எஸ்பார் முறைக்கு நிலைமை, பின்னணி, மதிப்பீடு, கோரிக்கை என்று நான்கு படி. வரிசை மாறாது, போன் பேச்சும் எப்படியும் பாதி ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. ராத்திரி 2 மணிக்கு "டாக்டர், 6ஆம் பெட் அம்மாவுக்கு பிபி கொஞ்சம் கம்மியா இருக்கு" என்றால் "வாட்ச் பண்ணுங்க" என்ற பதில்தான் வரும். எஸ்பாரில் அதே போன் இப்படி இருக்கும்: "மெட்டர்னிட்டி வார்டு ஸ்டாஃப் நர்ஸ் பேசறேன் டாக்டர். 6ஆம் பெட், பிபி 90/60, பல்ஸ் 124, ஒரு மணி நேரத்துல 3 பேட் நனைஞ்சிருக்கு. சிசேரியன் முடிஞ்சு 4 மணி நேரம் ஆகுது. ரத்தப்போக்கு அதிகம்னு சந்தேகப்படறேன். நீங்க உடனே வரணும். அதுவரைக்கும் என்ன ஸ்டார்ட் பண்ணட்டும்?" 20 விநாடிதான். டாக்டர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லி, "சரி" என்று கேட்ட பிறகே போனை வைக்க வேண்டும். மருந்தின் பெயரும் அளவும் ராத்திரி போனில் காதில் தப்பாக விழலாம்.

வீடியோ இந்த வரிசையைக் காட்டிவிடும். கடைசிப் படியான "நீங்க வரணும்" என்பதைச் சொல்லும் துணிச்சலைத் தராது. மரியாதைக்காக நாம் சேர்க்கும் "கொஞ்சம்" அங்கே உயிரோடு விளையாடும் சொல். அதை நாக்கிலிருந்து கழற்ற ஆள் எதிரே இருந்து பழக வேண்டும்.

இன்னொரு சட்டகம் எய்டெட். வணக்கம் சொல், உன் பெயர் சொல், எவ்வளவு நேரமாகும் சொல், என்ன செய்யப்போகிறாய் சொல், நன்றி சொல் என்று ஐந்து. முதல் நாலும் நம்மூருக்கு அப்படியே பொருந்தும், அதிலும் பெயர் சொல்வது இங்கே சுத்தமாக விட்டுப்போன பழக்கம். ஆனால் கட்டில் பக்கத்தில் நின்று "நன்றி ஐயா" என்றால் கூட்டம் முடிந்து கலைகிற மாதிரி இருக்கும். "போயிட்டு கால் மணி நேரத்துல வரேன் ஐயா, நடுவுல ஏதாச்சும்னா இந்த பெல்லை அழுத்துங்க" என்பதுதான் நம் நன்றி. வெளிநாட்டு வீடியோவை அப்படியே மனப்பாடம் செய்த நர்ஸ் ரோபோ மாதிரி பேசுவது இதனால்தான்.

இந்த வழியில் கெட்டுப்போவது எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். போனில் வீடியோவை ஓடவிட்டு மருந்து டிரேயை அடுக்குவார்கள். வினாக்களின் விடை ஸ்கிரீன்ஷாட்டாக இரண்டாம் நாளே குரூப்பில் சுற்றும். 40 சான்றிதழும் ஃபைலில் ஏறும், ஆஸ்பத்திரிக்குத் தர அங்கீகாரம் தரும் என்ஏபிஹெச்சின் ஆய்வாளர் திருப்தியாவார், வார்டில் "புரிஞ்சுதா?" "ம்" என்ற உரையாடல் அப்படியே இருக்கும். நர்ஸ் பதிவைப் புதுப்பிப்பதற்கான சிஎன்இ (தொடர் நர்சிங் கல்வி) நேரக் கணக்கில் சேர்க்க நினைத்தால், அந்தப் பாடத்துக்குத் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் தாதியர் கவுன்சிலின் ஒப்புதல் இருக்கிறதா என்று விசாரித்த பிறகே பணம் கட்டுங்கள்.

ஓஇடி கோச்சிங்கை இதோடு குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. வெளிநாடு போகிற நர்ஸ்களுக்கான அந்த ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் 2 ரோல் பிளே, ஒவ்வொன்றும் 5 நிமிஷம். நோயாளியின் கவலையைக் கேட்டறிவது, பேச்சை ஒழுங்காகக் கொண்டுபோவது இவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. ஆகவே தரமான பயிற்சிதான். ஆனால் அது அந்த நர்ஸின் சொந்த முதலீடு. ஆஸ்பத்திரி செலவில் அதை நடத்தினால், ஒரு வருஷத்தில் விமானம் ஏறுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்ததாகத்தான் ஆகும்.

நேரலை வகுப்பு

இதில் இரண்டு ரகம். 40 பேரை ஜூமில் உட்காரவைத்து ஒருவர் ஒன்றரை மணி நேரம் ஸ்லைடு ஓட்டுவது முதல் ரகம். கேமரா அணைந்திருக்கும், மைக் மியூட், கடைசியில் "எனி டவுட்ஸ்?", "நோ மேம்." வீடியோ பாடத்தைவிட மோசம், ஏனென்றால் நடுவில் நிறுத்திவைக்கக்கூட முடியாது. கட்டணம் வாங்கும் பல வகுப்புகள் இந்த ரகம்தான். கட்டணம் பேசுவதற்கு முன் பயிற்சியாளரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "ஒரு பேட்ச்சுக்கு எத்தனை பேர்?" 12க்கு மேல் சொன்னால் விட்டுவிடுங்கள்.

இரண்டாம் ரகம் மும்மூன்று பேராகப் பிரித்து நடிக்கவைப்பது. ஒருவர் நர்ஸ், ஒருவர் நோயாளி, ஒருவர் கவனிப்பவர். 5 நிமிஷம் நடிப்பு, 5 நிமிஷம் பேச்சு, பிறகு இடம் மாறுவது. மூன்று சுற்றுக்கு 30 நிமிஷம், தொடக்க விளக்கத்துக்கு 5, கடைசியில் சேர்ந்து பேச 5. ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிஷத்தில் அறுந்துவிடும், அதற்குள் கச்சிதமாக அடங்கும். தனி அறைகளாகப் பிரிக்கும் வசதி ஜூமில் இலவசமாகவே உண்டு. கூகுள் மீட்டின் இலவசக் கணக்கில் 60 நிமிஷம் கிடைத்தாலும் அந்தப் பிரிக்கும் வசதி இல்லை. இந்த ஒரு காரணத்துக்காக ஜூமே போதும்.

கணக்கு இப்படி வரும். ஒரு வகுப்புக்கு 9 பேர், 3 அறை. 40 பேரையும் ஒரு தலைப்பில் முடிக்க 5 வகுப்பு. வாரம் 2 வகுப்பு என்றால் ஒரு தலைப்புக்கு இரண்டரை வாரம், 6 தலைப்புக்கு 15 வாரம். "ஒரே நாளில் முடிச்சுக் கொடுக்கறோம்" என்பவரோடு ஒப்பிட்டால் இது ஆமை வேகம். ஆனால் ஒவ்வொரு நர்ஸும் ஒரு தலைப்பில் 5 நிமிஷம் நர்ஸாகவும், 5 நிமிஷம் நோயாளியாகவும் பேசியிருப்பார். நோயாளியாகப் படுத்துப் பார்க்கும் அந்த 5 நிமிஷம்தான் பலரை மாற்றுகிறது. தலைக்கு மேலே நின்று பேசினால் எப்படி இருக்கும் என்பது கீழேயிருந்து பார்த்தால்தான் தெரியும்.

நேரம் முக்கியம். நைட் டூட்டி முடித்த காலையில் வைத்தால் தூங்குவார்கள். காலை ஷிப்ட் முடிகிற 2 மணிக்கு வைத்தால் ஆரணி, ஒடுகத்தூர் பஸ் போய்விடும் என்ற பதற்றத்தில் கண் கடிகாரத்தில் இருக்கும். பகல் மருந்தும் ஷிப்ட் ஒப்படைப்பும் முடிந்து, மாலைப் பார்வையாளர் நேரம் தொடங்குவதற்கு முன் 3 மணி முதல் 3.40 வரை பெரும்பாலான வார்டுகளில் ஓர் இடைவெளி கிடைக்கும். அந்த நேரத்தில் யாருடைய பெட்டை யார் பார்ப்பது என்று முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். நேரலை வீடியோ மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி தின்னும், நர்ஸின் சொந்த டேட்டா பேக்கை நம்பாமல் ஆஸ்பத்திரி வைஃபை கொடுங்கள். மூன்று பேரும் ஒரே அறையில் மூன்று போனோடு உட்கார்ந்தால் எக்கோ அடிக்கும். வேறு வேறு மாடியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹெட்போன்.

நடிப்புக்கான அட்டை நன்றாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஓர் அட்டை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு: "வயது 60. பேரணாம்பட்டு பக்கம், பீடி சுற்றும் அம்மா. சர்க்கரை புதிதாகக் கண்டுபிடித்து இன்சுலினோடு டிஸ்சார்ஜ். எதைக் கேட்டாலும் தலையாட்டுவார். கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியவை: வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை, கண் சரியாகத் தெரியாது, ஊசி போடப்போவது மருமகள்." நர்ஸ் வேடம் போட்டவருக்கு இந்தக் கடைசி வரி தெரியக் கூடாது. கவனிப்பவர் கையில் ஐந்து கேள்வி. பெயர் சொன்னாரா? உட்கார்ந்து பேசினாரா? ஊசி போடப்போவது யார் என்று கேட்டாரா? எங்கே வைப்பீர்கள் என்று கேட்டாரா? திருப்பிச் சொல்லவைத்தாரா?

ஐந்தாவதுதான் டீச்-பேக். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் பெரியவர்கள் "ம்" என்பார்கள், புரியவில்லை என்றால் நர்ஸுக்கு மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள். அதனால் கேள்வியைத் திருப்ப வேண்டும்: "நான் சரியா சொன்னேனான்னு பார்க்கணும்மா. வீட்டுக்குப் போனதும் மருமக கேப்பாங்கல்ல, எப்போ போடணும், எவ்ளோ போடணும்னு? என்ன சொல்வீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க." மருமகள் பக்கத்திலேயே இருந்தால் அவரையே செய்து காட்டச் சொல்ல வேண்டும். அப்போதுதான் உண்மை வெளியே வரும். கடையில் ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் வாங்கி வைத்திருப்பார்கள். இங்கே பரவலாகக் கிடைக்கும் இன்சுலின் பாட்டில் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி 100 யூனிட் பாட்டிலுக்கு. 40 யூனிட் பாட்டிலில் ஆரஞ்சு மூடி சிரிஞ்சால் 20ஆம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். மாறி, 100 யூனிட் பாட்டிலில் சிவப்பு மூடியால் இழுத்தால் 20க்குப் பதில் 50 போகும், சர்க்கரை தடாலென்று இறங்கி ஆளே மயங்கிவிடலாம். ஃப்ரிட்ஜ் இல்லாதவருக்கு வேலூர் வெயிலில் தண்ணீர் ஊற்றிய மண் பானைக்குள் சிறு பாத்திரம் வைத்து, நனையாமல் பாட்டிலை வைக்கும் முறையைச் சொல்ல வேண்டும். 5 நிமிஷ நடிப்பில் இத்தனையும் மேலே வருகிறது. ஒரு ஸ்லைடிலும் இது வராது.

நோயாளி வேடத்துக்கு இன்னொரு நர்ஸைவிட வார்டு ஆயாம்மாவை உட்காரவைத்துப் பாருங்கள். நர்ஸ் நர்ஸாகவே பதில் சொல்வார். ஆயாம்மா "இன்னா சிஸ்டர், இந்த ஊசி போட்டா பழக்கமாயிடும்ங்கறாங்களே?" என்பார். அது நிஜக் கேள்வி.

சொதப்புகிற இடங்கள் இரண்டு. ஹெட் நர்ஸும் போன மாதம் சேர்ந்த பெண்ணும் ஒரே அறையில் விழுந்தால் சின்னவர் வாயே திறக்க மாட்டார், அதனால் அனுபவ வருஷம் பார்த்துப் பிரியுங்கள். அடுத்தது விமர்சனம். "நீ சரியா பேசல" என்ற ஒரு வாக்கியம் அடுத்த மூன்று வகுப்பைக் கெடுக்கும். நடித்தவர் முதலில் தானே சொல்ல வேண்டும், பிறகு கவனிப்பவர் கண்ணால் பார்த்ததை மட்டும்: "அம்மா ஃப்ரிட்ஜ்னு ஆரம்பிச்சப்போ நீங்க அடுத்த கேள்விக்குப் போயிட்டீங்க."

வாட்ஸ்அப் குரல் பயிற்சி

மலிவானது, பலரும் கேலியாகப் பார்ப்பது, சொல்லுக்குச் சொல் பழக இதைவிட நல்ல வழி இல்லை. பயிற்சியாளர் 20 விநாடிக் குரல் செய்தியில் ஒரு சூழல் அனுப்புகிறார். நர்ஸ் ஒரு நிமிஷத்துக்குள் தன் பதிலைப் பேசி அனுப்புகிறார். பயிற்சியாளர் அரை நிமிஷத்தில் திருத்தம் சொல்கிறார். ஒரு செய்தி 1 எம்பியைக்கூடத் தாண்டாது, பீஞ்சமந்தை மலையிலும் சிக்னல் கிடைக்கும் நேரத்தில் போய்ச் சேரும். 40 பேரின் பதிலையும் ஒரே நாளில் கேட்க ஒரு மணி நேரம் ஆகும், எந்தப் பயிற்சியாளரும் இரண்டாம் வாரமே கைவிடுவார். நாளுக்கு 10 பேர் என்று சுழற்சி வைத்தால் 15 நிமிஷம். பதில் குரூப்பில் விழாமல் தனியாகப் போக வேண்டும். மற்றவர் கேட்கிறார்கள் என்றாலே குரல் மேடைத்தமிழுக்கு மாறிவிடும்.

வலிச்சொற்களுக்கு இது நன்றாக உதவும். விண்விண்ணென்று தெறிப்பது, சுருக்கென்று குத்துவது, குடைவது, பாதம் காந்துவது, நெஞ்சு கரிப்பது, நெஞ்சை அடைப்பது எல்லாவற்றையும் கேஸ் ஷீட்டில் "பெயின்" என்று எழுதிவிடுகிறோம். சர்க்கரைக்காரரின் பாதம் காந்துவது நரம்புப் பாதிப்பைக் காட்டலாம், தெறிப்பது சீழ் கோத்ததைக் காட்டலாம். "கரிக்குது" என்றால் வாயு என்று விட்டுவிடுவதும் ஆபத்து, மாரடைப்பு சிலருக்கு அப்படியும் வரும். 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்டால் விழிக்கும் பெரியவரிடம் "நேத்து வலி ஒரு ரூபான்னா, இன்னிக்கு எத்தனை பைசா?" என்றால் உடனே பதில் வரும்.

வேலூர் நகரத்துக்கு இதில் தனி லாபம். காட்பாடியில் ரயில் இறங்கி வரும் மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, வங்கதேச நோயாளிகளுக்காக நர்ஸ்கள் வங்காள வாக்கியம் சில கற்கிறார்கள். அதை அச்சடித்துக் கொடுத்தால் வேடிக்கையாகிவிடும். "பயப்படாதீங்க" என்பதன் வங்காளத்தைத் தமிழில் எழுதினால் "பொய் பாபென் நா." படிப்பவருக்கு முதல் சொல்லே பொய். காதால் கேட்டுத் திருப்பிச் சொன்னால் சிக்கல் இல்லை. "கோத்தாய் பேத்தா?" என்றால் எங்கே வலி. தண்ணீருக்கு மேற்கு வங்கத்தவர் பெரும்பாலும் ஜொல், வங்கதேசத்தவர் பெரும்பாலும் பானி. 30 வாக்கியம் போதும். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் உருது, குடியாத்தம் தாண்டிச் சித்தூர் எல்லைப் பக்கம் தெலுங்கு என்று உங்கள் பட்டியலை மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் கையெழுத்து வாங்கும் சம்மத விஷயத்துக்கு இந்த 30 வாக்கியத்தை நம்பக் கூடாது, கூட வந்த பள்ளிச் சிறுவனை மொழிபெயர்க்க வைக்கவும் கூடாது.

ஒரே ஒரு கண்டிப்பு. நிஜ நோயாளியின் பெயர், பெட் நம்பர், போட்டோ, ரிப்போர்ட் எதுவும் பயிற்சி செய்தியில் வரக் கூடாது. வந்தால் அன்றே பயிற்சியை நிறுத்துங்கள்.

மையத்தோடு இணைந்த கேஸ் கலந்துரையாடல்

நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் 2003இல் கல்லீரல் நோய்க்காகத் தொடங்கிய எக்கோ முறை இது, இந்தியாவிலும் நடக்கிறது. மையத்தில் நிபுணர்கள், சுற்றிலும் சிறு ஆஸ்பத்திரிகள், சிறு விளக்கவுரை, பிறகு ஒரு ஆஸ்பத்திரி தன் கேஸை வைக்கும், எல்லோரும் பேசுவார்கள். வலி நிவாரணம், ஐசியு போன்ற இடங்களில் வேலை செய்யும் மூத்த நர்ஸ்கள் இரண்டு மூன்று பேருக்குச் சரியான வழி. 40 பேரையும் இதில் சேர்ப்பதில் பயனில்லை, பேசுவது எப்போதும் அதே நாலு பேர்தான்.

ஆன்லைனுக்குக் கொண்டுபோகக் கூடாதது

கெட்ட செய்தி. டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போன பிறகு மகன் தாழ்வாரத்தில் நர்ஸைப் பிடிப்பார்: "டாக்டர் இன்னா சொன்னாரு சிஸ்டர்? நைனாவுக்குச் சொல்லாதீங்க." உள்ளே போனால் அப்பா கேட்பார்: "பையன் இன்னா கேட்டான்?" இந்த இடத்தில் குரலைவிட மௌனத்துக்கு வேலை அதிகம். எங்கே உட்காருவது, எப்போது கையைத் தொடுவது, எத்தனை விநாடி சும்மா இருப்பது என்பது திரையில் வராது. ஜூமில் 5 விநாடி மௌனம் என்றால் "கேக்குதா?" என்பார்கள். வருஷத்துக்கு 2 அரை நாள், நேரில், 8 பேருக்கு மிகாமல் வைத்துக்கொள்ளுங்கள். கோபமாகக் கூடி நிற்கும் உறவினர்களிடம் பேசுவதும் இதே நேர் வகுப்பில்தான் சேரும்.

எதை எடுப்பது

100 படுக்கைக்குள் என்றால் வாட்ஸ்அப்பை முதுகெலும்பாக வையுங்கள், மாதம் 2 ஜூம் நடிப்பு வகுப்பு போதும். வெளிப் பயிற்சியாளர் வேண்டாம், உங்கள் நர்ஸ்களில் நோயாளிகள் தேடிவந்து பேசுகிற ஒருவர் இருப்பார், அவரையே பொறுப்பாக்கி, அந்த நேரத்துக்கு அவருடைய பெட்களைக் குறையுங்கள். 100 படுக்கைக்கு மேல் என்றால் ஜூம் நடிப்பு வாரம் 2, நடுவில் வாட்ஸ்அப், மூத்தவர்கள் இரண்டு பேருக்கு எக்கோ. வீடியோ பாடத்தைப் புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் வாரத்தில் 2 மணி நேரம் மட்டும் கொடுங்கள். ஆய்வு அடுத்த மாதமே வருகிறது, ஃபைல் மட்டும்தான் வேண்டும் என்றால் வீடியோவை வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் பயிற்சிச் செலவில் எழுதாதீர்கள்.

பலன் பார்ப்பது சுலபம். தொடங்கும் முன் ஒரு மாதம், முடிந்த பின் ஒரு மாதம், டிஸ்சார்ஜ் ஆனவர்களில் 20 பேருக்கு 48 மணி நேரம் கழித்து மாலை 7 மணி வாக்கில் போன் செய்யுங்கள். எந்த மாத்திரை எப்போது, அடுத்து எப்போது வர வேண்டும், என்ன ஆனால் உடனே ஓடி வர வேண்டும் என்று மூன்றே கேள்வி. மூன்றாவதற்குப் பதில் வருகிறவர்கள் முதல் மாதத்தில் மிகக் குறைவாகத்தான் இருப்பார்கள், அந்த எண் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். போன் செய்பவர் டிஸ்சார்ஜ் பேசிய அதே நர்ஸாக இருக்கக் கூடாது. அவர் குரல் கேட்டால் "எல்லாம் நல்லா சொன்னீங்க சிஸ்டர்" என்று சொல்லி வைத்துவிடுவார்கள்.